மெஷினுக்கு ஒரு மின்விசிறி

பச்சை விளக்கு எரியவேண்டிய இடத்தில் சிவப்பு எரிந்தது. போதாததற்கு, மெஷின் ஒரு பெண்குரலில் புரியாத பாஷையில் திட்டத் தொடங்கியது.

“என்ன மாப்ளே சொல்லுது?” என்றார் முதலாளி.

“கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுது மச்சான்,” என்றார் சூப்பர்வைசர்.

அது என்ன சொன்னது என்று அவருக்கும் தெரியாது. அட்டைப்பெட்டி மடிக்கும் இந்தத் தானியங்கி மெஷினை ஓட்டக் கற்றுக்கொள்ள, ஆறு வாரம் வெளிநாட்டுக்குப் போய்வந்த ஒரே ஆள் அவர்தான். வகுப்பில் ஒரு வார்த்தை புரியவில்லை. எழுந்து சொல்ல வெட்கம். மற்றவர்கள் தலையாட்டும்போதெல்லாம் சேர்ந்து தலையாட்டினார். கடைசி நாளில் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். திரும்பி வந்ததும் ‘ஃபாரின்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் மனைவி கல்யாணப் படத்தைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் சான்றிதழை மாட்டினாள்.

“பத்தரைக்கு அதிகாரி வந்துடுவார்,” என்றார் முதலாளி. “நாட்டோட போட்டித்திறனை உயர்த்தணும்னு அரசாங்கத்துல பத்து கம்பெனிக்குப் பத்து மெஷின் கொடுத்திருக்காங்க. இதைத் தேர்ந்தெடுத்து வாங்க வச்சதே அந்த மனுஷன்தான். ஒன்பதைப் பார்த்துட்டார், நம்மதுதான் கடைசி. ஓடலைன்னா தூக்கிட்டுப் போயிடுவாங்க. நீங்க பழையபடி லாரியில பெட்டி ஏத்தலாம். உங்களை அனுப்பச் சொல்லி ஒத்தைக்கால்ல நின்னாளே என் தங்கச்சி, அவளுக்கு நீங்களே பதில் சொல்லிக்கங்க.”

லாரியைக்கூடச் சமாளித்துவிடலாம். மனைவியைச் சமாளிக்க ஃபாரினால் முடியாது.

ஸ்பேனரை எடுத்தார். கழற்றினார், துடைத்தார், திரும்ப மாட்டினார். நான்கு போல்ட்டுகள் மிச்சமாயின. மெஷின் இப்போது திட்டுவதையும் நிறுத்திவிட்டது.

மணி பத்து. ஃபாரின் மடிப்புப் பிரிவுக்கு ஓடினார். அங்கே எல்லாரும் ‘மடிப்பக்கா’ என்று கூப்பிடும் அம்மாள், பேசிக்கொண்டே பெட்டி மடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். அந்தக் கைவேகத்துக்கு அங்கே ஈடு கிடையாது.

“அக்கா, ஒரு மணி நேரம் மெஷினுக்குள்ள உட்காரணும்.”

“உள்ளேயா? நான் என்ன அலமாரியில வைக்கிற சாமானா?”

“என் மானமே போயிடும் அக்கா.”

“சரி, மெஷின் ஆபரேட்டர் வேலையை எனக்கு எழுதித் தரணும்.”

“தர்றேன்.”

“உட்கார முக்காலி.”

“தர்றேன்.”

“இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிறீங்களே, குறைச்சுக் கேட்டுட்டேன் போலிருக்கு. மின்விசிறி?”

“அதுக்கு உள்ள இடமில்லை அக்கா!”

மடிக்கும் இரும்புக் கைகளைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த இடத்தில் முக்காலியைப் போட்டார்கள். அக்கா செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தவும் அதிகாரி வரவும் சரியாக இருந்தது. பின்னால் ஃபைல்களைச் சுமந்துகொண்டு டிரைவர்.

அதிகாரி மெஷினைப் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்தார்.

“இது யாரோடது?”

“கூட்டறவங்க விட்டுட்டுப் போயிட்டாங்க சார்.”

“ஒரு ஜோடிதானா?”

“ஒண்ணே ஒண்ணுதான் சார்.”

அதிகாரி மெஷினைச் சுற்றிவந்து பின்பக்கமும் குனிந்து பார்த்துவிட்டு, நோட்டில் குறித்துக்கொண்டார். சுத்தத்துக்கான மார்க் போய்விட்டது என்று ஃபாரின் நொந்துகொண்டார்.

ஒரு பக்கத் திறப்பில் தட்டை அட்டைகளைச் செருகினார். மறுபக்கத் திறப்பில் பெட்டிகள் வந்து விழுந்தன. டப். டப். டப்.

“வேகத்தைக் கூட்டலாமா?” என்றார் அதிகாரி.

ஃபாரின் ஒரு குமிழைத் திருகி, உள்ளே கேட்கட்டும் என்று கத்தினார். “இப்ப வேகம் ரெண்டுக்குப் போறோம்!”

உள்ளிருந்து ஒரு பெருமூச்சு. பிறகு டப்டப், டப்டப்.

“சொன்னா கேட்குதே!”

“நம்ம பேச்சு நல்லாப் புரியும் சார்.”

அப்போது பார்த்து கரண்ட் போனது. விளக்குகள் அணைந்தன. மற்ற மெஷின்களெல்லாம் மூச்சடங்கி நின்றன. அந்த அமைதியில் டப்டப் சத்தம் மட்டும் கணீரென்று கேட்டது. அட்டைப்பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

“பேட்டரி சார்,” என்றார் ஃபாரின், கேட்பதற்கு முன்பே.

“எவ்வளவு நேரம் தாங்கும்?”

“மதியம் வரைக்கும் தாங்கும் சார்.”

“அப்புறம்?”

“அரை மணி நேரம் ஓய்வு கொடுக்கணும்.”

அதிகாரி, நியாயம்தான் என்பதுபோல் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். இதற்கு மேல் தாங்காது என்று ஃபாரின் நிறுத்தும் பட்டனை அமுக்கினார். அக்காவுக்கு அது எப்படித் தெரியும்? பெட்டிகள் விழுந்துகொண்டே இருந்தன. ஃபாரின் இரண்டு கையாலும் அமுக்கினார். அந்த நேரத்தில் மெஷின் பலமாகத் தும்மியது.

ஃபாரினின் கண்முன் சுவரில் காலியான ஆணி ஒன்று தெரிந்தது.

“உள்ள தூசி, புழுக்கம்,” என்றார் அதிகாரி நிதானமாக. “ஒரு சின்ன மின்விசிறி வைங்க. மெஷினா இருந்தாலும் பாவம்தானே?”

உள்ளிருந்து முன்னைவிட உற்சாகமாக நான்கு பெட்டிகள் வந்து விழுந்தன.

அதிகாரி நோட்டை மூடிவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். “மெஷின் உங்களுக்கே. உற்பத்தித்திறன்ல பத்து கம்பெனியில உங்களுக்குத்தான் முதல் இடம். உங்க பக்கத்துல யாரும் வர முடியாது.”

முதலாளி அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். “ஜெயிச்சுட்டீங்க மாப்ளே!” என்று வாசலிலிருந்தே கத்தினார். காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை ஃபாரின் இப்போதுதான் விட்டார். லாரி தப்பியது, மானம் தப்பியது, சான்றிதழும் ஆணியிலேயே இருக்கும். முதல் இடம் எப்படி வந்தது என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

ஃபைல்களை எடுக்கத் திரும்பி வந்த டிரைவர், போகிற போக்கில் அந்தச் செருப்பைக் காலால் நகர்த்தி மெஷின் கதவருகே ஒழுங்காக வைத்தார்.

“மத்த ஒன்பது கம்பெனியிலயும் மெஷின் பக்கத்துல ரெண்டு ரெண்டு ஜோடி கிடந்துச்சு சார். ஒரே ஆளை உள்ள வச்சு ஓட்டினது நீங்க மட்டும்தான்!”