எஃபியை எண்ணாத இரண்டு அலுவலகங்கள்

கோல்ட்ஸ்ட்ரீம்,
6 பிப்ரவரி 2024

மதிப்பிற்குரிய ஆசிரியர் திருமதி எல்ஸ்பெத் பிரிங்கிள் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற ஆட்டு மேய்ப்பன் வாட்டி டர்ன்புல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

தாங்களும் தங்கள் வாரப் பத்திரிகையும் தங்கள் அச்சு இயந்திரமும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் நாயும் சுகம். நாய்க்குப் பின்னங்கால் மட்டும் கொஞ்சம் தகராறு. இதற்கு முன் ஒரே ஒரு தடவை தங்களுக்கு எழுதியிருக்கிறேன், கண்காட்சியில் என் கிடாவுக்கு இரண்டாம் பரிசு கொடுத்த அநியாயத்தைப் பற்றி. தாங்கள் அதைப் போடவில்லை. நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தைக் கட்டாயம் போட வேண்டும், முழுசாக, ஒரு வரியும் வெட்டாமல்.

விஷயம் இதுதான். என் மனைவி யூஃபீமியா, ஊருக்கெல்லாம் எஃபி, போன வருடத்துக்கு முந்தைய நவம்பரில் காலமானாள். தாங்கள்கூட நாலு வரி போட்டீர்கள், நன்றி. எண்பத்தொரு வயது வரை இந்த நாட்டில் வாழ்ந்தவளைக் கடைசிக் கணக்கெடுப்பில் இந்த நாடு எண்ணவே இல்லை. போன மாதம் தங்கள் பத்திரிகையில் ஊர் மக்கள்தொகை வந்ததே, அதைக் கத்தரித்து வைக்கலாம், அதில் ஒன்று எஃபிதானே என்று கத்தரிக்கோலை எடுத்தேன். எடுத்த பிறகுதான் தேதி இடித்தது. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பத்து வருடத்துக்கு ஒரு முறை, நம் ஊர் எல்லையில் ஓடும் ஆற்றுக்கு இரண்டு பக்கமும் ஒரே நாளில் தலை எண்ணுவார்கள். தென்கரையில் இங்கிலாந்தை எண்ணுவது தெற்கு அலுவலகம், வடகரையில் ஸ்காட்லாந்தில் இருக்கிற நம்மை எண்ணுவது எடின்பரோ அலுவலகம். அவரவர் பொறுப்பு அவரவருக்கு. இந்தத் தடவை கொரோனா வந்தது. தெற்கே ‘எங்களுக்கு 2021 மார்ச் 21தான்’ என்றார்கள். வடக்கே ‘நாங்கள் ஒரு வருடம் கழித்து, 2022 மார்ச் 20’ என்றார்கள். இரண்டு பக்கமும் காரணம் இருந்திருக்கும், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நடுவில் ஒரு வருடம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது, அதற்குள் என் எஃபி விழுந்துவிட்டாள்.

எப்படி என்றால், தெற்கே எண்ணிய தேதியில் எஃபி இங்கே எங்கள் வீட்டில், மகள் மைரியின் கவனிப்பில் இருந்தாள். இங்கே அன்று யாரும் எண்ணவில்லை. நானோ தென்கரையில் தம்பி டாண்டின் பண்ணையில், குட்டி போடும் பருவத்துக்கு உதவியாக ஆறு வாரம். எஃபிக்கு நெஞ்சு பலவீனம், நோயைக் கொண்டுவந்துவிடுவேனோ என்று பயந்து, நடந்தால் அரை மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு வீட்டுக்கே வரவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாலத்தின் அந்த முனையில் நான் நிற்பேன், இந்த முனையில் அவள் பாத்திரம் துடைக்கும் துணியை ஆட்டுவாள். நான் தொப்பியை ஆட்டுவேன். அவ்வளவுதான் எங்கள் குடும்பம். அந்தச் சமயத்தில் டாண்ட் வீட்டுக்குத் தெற்கு அலுவலகத்தின் தாள் வந்தது. தம்பி பெண்டாட்டி, “நாலு வாரமா இங்கதான் தின்னுறீங்க, அப்ப இங்கதான் குடியிருக்கீங்க மச்சான்” என்று சொல்லி என் பெயரையும் எழுதிவிட்டாள்.

ஆகஸ்டில் எஃபிக்குக் கால் விழுந்தது. பராமரிப்பு இல்லத்தில் இடம் தேடினோம். படுக்கை காலியாக இருந்தது தென்கரையில்தான். அவள் அங்கே போனாள், நான் இங்கே திரும்பினேன். எந்தக் காலத்திலும் நாங்கள் இருவரும் ஒரே கரையில் இருக்கக் கூடாது என்று யாரோ சட்டம் போட்டது மாதிரி. தினமும் பாலத்தைத் தாண்டிப் போவேன். “ஏய்யா வாட்டி, எப்பய்யா வீட்டுக்குப் போறோம்?” என்பாள். “ஞாயித்துக்கிழம போலாம்டி” என்பேன். திங்களானால் அவளுக்கு மறந்துவிடும், மறுபடி கேட்பாள், மறுபடி அதே பொய்யைச் சொல்வேன். வடக்கே எண்ணும் தேதி வந்தபோது அவள் அந்த இல்லத்தில், அங்கே ஒரு வருடத்துக்கு முன்பே எண்ணி முடித்துவிட்டார்கள். இங்கே வந்த விண்ணப்பத்தை மைரி கணினியில் நிரப்பினாள். எனக்குக் கணினி ஆகாது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். ஆகமொத்தம் என்னை இரண்டு கரையிலும் எண்ணியிருக்கிறார்கள், அவளை ஒரு கரையிலும் எண்ணவில்லை.

தெற்கு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். “சார், அந்தத் தேதியில உங்க மிஸஸ் ஸ்காட்லாந்துல இருந்திருக்காங்க. அது எங்க பொறுப்புல வராதுங்க, எடின்பரோவக் கேளுங்க” என்றான் ஒரு பையன். எடின்பரோவைக் கேட்டேன். “சார், எங்க தேதியில அவங்க இங்கிலாந்துல இருந்திருக்காங்களே. அது அவங்க பொறுப்பு” என்றாள் ஒரு பெண். இரண்டு எண்களையும் கூட்டி மொத்த நாட்டுக்கும் ஒரு எண் போடுகிற பிரிவு ஒன்று இருக்கிறதாம், அங்கே எழுதினேன். அவர்கள் கூட்டுவது மட்டுமே, எண்ணுவதில்லை என்றும், இத்தகைய இடைவெளிகள் மதிப்பீட்டில் சரிசெய்யப்படும் என்றும் மரியாதையாகப் பதில் வந்தது. அதாவது என் மனைவி மதிப்பீட்டில் அடங்குகிறாளாம். அம்மா, ஐம்பத்தாறு வருடம் நான் மதிப்பீட்டுடனா குடித்தனம் செய்தேன்?

அந்த எடின்பரோப் பெண் நல்ல பெண். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது குரலிலேயே அடையாளம் கண்டு, “மிஸ்டர் டர்ன்புல், டீ குடிச்சிட்டீங்களா?” என்றாள். நான் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். “நான் ரெண்டு தடவ இருக்கேன்மா. ஒருத்தனுக்கு ரெண்டு எதுக்கு? ஒண்ண எடுத்து எஃபி பேருல போட்டுக்கோங்க.” அவள் மெதுவாக, “அதுக்கு ஃபாரம் இல்லையே சார்” என்றாள். நான் போனை வைத்துவிட்டு நாயிடம் கத்தினேன். பாவம், அது என்ன செய்யும்.

இவ்வளவு பெரிய நாட்டில் ஒரு தலை குறைந்தால் என்ன என்று தங்கள் வாசகர்கள் கேட்கலாம். ஆட்டை எண்ணிப் பழகியவனிடம் அதைக் கேட்கக் கூடாது. பட்டி வாசலில் நின்று ஜோடி ஜோடியாக உள்ளே விடுவோம், இருபதுக்கு ஒரு விரல் மடக்குவோம். கடைசியில் ஒன்று குறைந்தால், ‘மதிப்பீட்டில் சரிசெய்துகொள்ளலாம்’ என்று எவனும் வீட்டுக்குப் போக மாட்டான். மறுபடி மலை ஏறுவான். எஃபியும் அப்படித்தான். 1991 கணக்கெடுப்பில் நம் ஊருக்கு வீடு வீடாகத் தாள் கொடுத்து வாங்கியவள் அவள். மேட்டுக் குடிசையில் ஒருவன் தனியாக இருந்தான், கதவையே திறக்க மாட்டான். சேற்றில் நாலு தடவை ஏறிப் போனாள். “அடேய், நீ நல்லவனா கெட்டவனான்னு எனக்குத் தெரிய வேணாம். இருக்கியா இல்லியா, அத மட்டும் சொல்லித் தொல” என்று வெளியே நின்று கத்தினாள். “இருக்கேன்” என்று உள்ளிருந்து குரல் வந்தது. வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் எங்கள் கல்யாணத்தன்றுகூட இல்லை. அவளுக்காக ஒருத்தரும் நாலு தடவை ஏறி வரவில்லையே என்றுதான் எனக்கு ஆறவில்லை. அழுகை வருகிறது, எழுத்து கோணினால் மன்னிக்கவும்.

ஆகவே தாங்கள் இதை அச்சிட்டால் இரண்டு அலுவலகத்துப் பெரியவர்களும் படிப்பார்கள். பாலத்தின் நடுவில் நின்று ‘உன் பொறுப்பு, என் பொறுப்பு’ என்று அடித்துக்கொள்ளட்டும், பரவாயில்லை. யாராவது ஒருவர் எஃபியைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

தங்களுக்கும் தங்கள் கணவருக்கும் அச்சுக் கோப்பவர்களுக்கும் இந்த வருடம் முழுக்க நோயில்லாமல் போகட்டும்.

இப்படிக்கு,
வாட்டி டர்ன்புல்
(இரண்டு பேர்)

பின்குறிப்பு: தயவுசெய்து அச்சிட வேண்டாம். அச்சகத்துக்கு அனுப்பியிருந்தால் ஓடிப்போய்ப் பிடுங்கிவிடுங்கள். எழுத்துப்பிழை பார்க்க மைரியிடம் கொடுத்தேன். பாதியில் தாளைக் கீழே வைத்துவிட்டு, “அப்பா, இத அனுப்பாதீங்க” என்றாள். “அன்னைக்கு ஃபாரம் நிரப்பறப்ப, இந்த வீட்டுல யார் யாரு இருக்காங்கன்னு உங்களக் கேட்டேன். ‘நானும் எஃபியும்’னு சொன்னீங்க. பொறந்த தேதி எல்லாம் சொன்னீங்க. உங்களத் திருத்த எனக்கு மனசு வரலப்பா. அப்படியே போட்டு அனுப்பிட்டேன்” என்று அழுகிறாள். பொய்த் தகவல் தருவது குற்றமாம். இந்தக் கடிதத்தைப் பார்த்தால் அவர்கள் எஃபியின் பெயரை அடித்துவிடுவார்கள். அந்த விண்ணப்பங்களை நூறு வருடம் பூட்டி வைப்பார்களாம், நல்லது, பூட்டியே இருக்கட்டும். தெற்கே டாண்ட் வீட்டில் இருக்கிற இன்னொரு வாட்டியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். காலண்டரை எடுத்துப் பார்த்தேன். எஃபி வீட்டுக்கு வந்த அந்த மார்ச் இருபது, ஞாயிற்றுக்கிழமை.