ஒன்பது கூடைக்கு எழுபத்தொரு பேர்

முதலாம் கூடைக்குப் பக்கத்து மேப்பிள் மரத்தில் நகரசபை கட்டிவிட்டிருந்த அறிவித்தலைக் கிறிஸ்தோப்பர் மூன்றாம் தரமும் வாசித்தார். பிரெஞ்சு தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று மொன்றியல் முழுக்கச் சொல்லித் திரிகிறவர் அவர். இந்த முறை உண்மையிலேயே ஒரு சொல்லையும் பிழையாக வாசிக்கவில்லை. வருகிற சனிக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை இங்கே விளையாடுகிறவர்கள் எண்ணப்படுவார்கள். அந்தத் தொகையைப் பார்த்தே இந்த இடத்தை வைத்திருப்பதா, மூடுவதா என்று முடிவெடுக்கப்படும்.

அவருக்குப் பகீரென்றது.

அங்கே விளையாடுகிற டிஸ்க் கோல்ஃப் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு தட்டை வீசி, சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைக்குள் விழுத்த வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பூங்காவின் ஒன்பது கூடைகளும் முப்பது வருஷப் பழசு. சங்கிலிகளில் பாதி துருப்பிடித்தவை. ஆனால் துறைமுகத்துப் பண்டகசாலையில் கிழமை முழுக்க மற்றவன் சொல்லுக்கு ஓடுகிற மனிதருக்கு, யாரும் விரட்டாத ஒரே இடம் இதுதான். இதை மூடிவிட்டால் அவருக்குச் சனிக்கிழமை என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும்.

சிக்கல் என்னவென்றால், சனிக்கிழமைகளில் அங்கே விளையாடுவது மூன்றே பேர். கிறிஸ்தோப்பர், ஒரு மீசைக்கார வெள்ளைக்காரர், அவருடைய மனைவி.

"மூண்டு பேருக்காக ஆர் பூங்கா வைச்சிருப்பான்?" என்றாள் அக்னெஸ், கிறிஸ்தோப்பரின் மனைவி.

"சனத்தைக் காட்டினால் எந்த அரசாங்கமும் பயப்பிடும். ஊர் கூடினால்தான் தேர் நகரும். நீர் பேசாமல் இருந்து பாரும்."

முதியோர் சங்கத் தலைவி ஜெயமதிக்குத் தொலைபேசி போனது.

"அக்கா, சனிக்கிழமை ஒரு பத்துப் பேரைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு வருவியளோ?"

"என்னத்துக்குத் தம்பி?"

"தட்டெறிய."

"தட்டெறிய ஒருத்தரும் வராயினம். சாப்பாடு இருக்கெண்டால் வருவினம்."

"அப்ப அப்பிடியே சொல்லுங்கோ. அக்னெஸின்ரை இடியப்பம், சொதி, சம்பல்!"

குசினிக்குள்ளிருந்து அக்னெஸ் பார்த்த பார்வையை அவர் கண்டுகொள்ளவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பூங்கா வாசலில் ஒரு மஞ்சள் பள்ளிக்கூட பஸ் வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. மடக்குக் கதிரைகள் இறங்கின, பாய்கள் இறங்கின. யாரோ ஒரு புண்ணியவான் கரம் பலகையும் கொண்டு வந்திருந்தார்.

"பத்துப் பேர் எண்டுதானே அக்கா கேட்டனான்?"

"அக்னெஸின்ரை சொதி எண்டால் ஆத்துக்கு அங்காலை லொங்குய்யிலையிருந்தும் வருவினம், தம்பி. வந்திட்டினம்."

இறங்கியவர்கள் எப்படியும் எழுபது பேர் தேறுவார்கள். கிறிஸ்தோப்பருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. பத்துக்குப் பயப்படாத நகரசபை எழுபதுக்குப் பயப்படத்தானே வேண்டும்?

முதலாம் கூடைக்குப் பக்கத்தில் நகரசபைச் சீருடையோடு ஓர் இளம் பெண் நின்றாள். கையில், அமத்த அமத்த இலக்கம் ஏறும் ஒரு சின்னக் கருவி. நெஞ்சில் வித்தியா என்று பெயர்ப்பட்டி.

"தமிழ்ப் பிள்ளையோ?"

"ஓம் அங்கிள்."

"ஆண்டவராப் பார்த்து அனுப்பியிருக்கிறார். வடிவா எண்ணும் பிள்ளை, ஒருத்தரையும் விட்டிடாதையும்."

"அங்கிள், சாப்பிட வந்த ஆக்களை நான் எண்ண மாட்டன். விளையாடுற ஆக்களை மட்டும்தான்."

"எல்லாரும் விளையாடுற ஆக்கள்தான். கிழமைக்குக் கிழமை வாறவை!"

கூசாமல் சொல்லிவிட்ட பிறகுதான் தன்னிடம் இருப்பது நாலே நாலு தட்டு என்பது நினைவுக்கு வந்தது. அதற்காக அவர் கலங்கவில்லை. நேரே போய் அக்னெஸின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார்.

"ஐயோ, இஞ்சாருங்கோ! அது என்ரை இடியப்பத் தட்டு!"

"வட்டமாத்தானே கிடக்கு? பறக்கும்."

பறக்கத்தான் செய்தன. கூடையைத் தவிர எல்லாத் திசைக்கும் பறந்தன. ஒன்று அணிலை விரட்டியது, ஒன்று மீசைக்காரரின் தொப்பியைத் தட்டிவிட்டது. ஜெயமதி அக்கா சொதிச்சட்டி மூடியைச் சுழற்றி வீச, அது சங்கிலியில் மோதிக் கலகலவென்று கூடைக்குள் விழுந்தது. "அவுட்!" என்று கத்திக்கொண்டு நாலு கிழவர்கள் கை உயர்த்தினார்கள்.

பதினொன்றரைக்குக் கிறிஸ்தோப்பர் திரும்பிப் பார்த்தால், இன்னும் ஐம்பது பேர் முதலாம் கூடையடியிலேயே வரிசையில் நிற்கிறார்கள். கோயிலில் அன்னதானத்துக்கு நிற்கிற அதே பொறுமை. இப்படியே போனால் பன்னிரண்டுக்குள் பாதிப் பேர்கூட எறிய மாட்டார்கள்.

அவர் ஒரு மரக்குற்றியில் ஏறி நின்றார். இருபது வருஷமாக மற்றவர் கட்டளைக்கு ஓடியவர் வாழ்க்கையில் முதன்முறையாகக் கட்டளையிட்டார்.

"ஒவ்வொரு கூடைக்கும் எட்டெட்டுப் பேர் போங்கோ! பாதையிலை சுத்தி நேரத்தை மினைக்கெடுத்தாதையுங்கோ! பத்தைக்குள்ளாலை குறுக்கை விழுந்து போங்கோ!"

சனம் குறுக்கே விழுந்து போனது. முட்டுக்கால் வலி என்று பஸ்ஸிலிருந்து இறங்க மறுத்தவர்கள்கூடப் பத்தைகளை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். இரண்டு மடக்குக் கதிரைகளும் கூடவே போயின. மீசைக்காரரும் மனைவியும் விளையாட்டைக் கைவிட்டு, ஒரு வாங்கில் உட்கார்ந்து முள்ளுக்கரண்டியால் இடியப்பத்தைச் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டார்கள். வித்தியாவின் விரல் ஓயவில்லை.

சரியாகப் பன்னிரண்டுக்கு அவள் நிறுத்தினாள். வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்த கிறிஸ்தோப்பரைச் சுற்றிச் சனமும் கூடிவிட்டது.

"எத்தினை, பிள்ளை?"

"எழுபத்தொண்டு, அங்கிள்."

கைதட்டல் மரங்களுக்கு மேலால் போனது. யாரோ அவர் தோளில் ஒரு துவாயைப் பொன்னாடையாகப் போர்த்தினார்கள். கிறிஸ்தோப்பருக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்காக இத்தனை பேர் கைதட்டி அவர் கண்டதில்லை. அக்னெஸ்கூட, இரண்டாக உடைந்த இடியப்பத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பெருமையோடுதான் பார்த்தாள்.

"இனி எவன் இதை மூடுறான் எண்டு ஒருக்காப் பாப்பம்!" என்று முழங்கினார்.

வித்தியா கருவியைப் பைக்குள் போட்டுவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"அங்கிள், சனம் மிதிச்சு மிதிச்சு மரவேர் எல்லாம் வெளியிலை வந்திட்டுது எண்டுதான் இந்தக் கணக்கே எடுத்தனாங்கள், முப்பது பேருக்குக் கீழை எண்டால் கை வைக்கிறேல்லை, மேலை எண்டால்தான் மூடுறது."