நாலாவது கரண்டி

உலகத்தில் எறும்பு எத்தனை வகை என்று எண்ணியவர்கள் உண்டு. ‘வீட்டிலேயே பண்ணிடலாமே’ வகையறாவை மட்டும் இதுவரை யாரும் எண்ணி முடித்ததில்லை. எண்ண உட்கார்ந்தவரே பாதியில், “இதென்ன கணக்கு, நானே வீட்டில் ஒன்று போட்டுக்கொள்கிறேன்” என்று எழுந்து போயிருப்பார்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். யார் வீட்டிலாவது நல்லதாக ஒன்றை வாயில் போட்டதும் எல்லோரும் “ஆகா” என்பார்கள். இவர் மென்றுகொண்டே மேலே பார்ப்பார், உள்ளே ஏதோ கணக்கு ஓடும், விழுங்குவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும். நீங்கள் நாற்காலி வாங்கினால் ‘நாலு பலகை, ஒரு பிடி ஆணி’ என்பார். முடி வெட்டிக்கொண்டு வந்தால் ‘ஒரு கத்தரிக்கோல் போதாதா’ என்பார். அதை அவரே செய்து பார்த்ததிலிருந்துதான் தொப்பி போடுகிறார் என்பதைச் சொல்லமாட்டார். அவர் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்த அலமாரி, அதன்மேல் அவரே காய்ச்சிய சோப்பு. சோப்பு நுரைக்காது. அதைச் சொன்னால் அவர் நுரைப்பார்.

இந்த வகையில் முதல் தரமான ஒரு சரக்கு நம் கண்ணாடிக்கடைக்காரர்.

தொழிலில் கெட்டிக்காரர். வந்தவரை உட்காரவைத்து, மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை ஏற்றி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, “முன்னது தெளிவா இருக்கா, பின்னது தெளிவா இருக்கா?” என்று கேட்பார். ஆயிரம் மூக்குகளிடம் கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. சட்டை எடுத்தாலும் முன்னதா பின்னதா, திரைச்சீலை வாங்கினாலும் முன்னதா பின்னதா. மகளுக்குப் பெயர் வைத்த அன்றும் அதே விசாரணைதான் நடந்ததாம். அவர் முடிவுக்கு வருவதற்குள் வீட்டில் எல்லோரும் அந்தப் பெண்ணை ‘வாலு’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

இவருக்கு ஒரே தங்கை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ஒரு வண்டி நிறையக் குரங்குகளைத் தினமும் சேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிற கை என்பதால், அந்தக் கையில் ஒரு தெம்பும் வாயில் ஒரு ஹாரனும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். வரும்போது ஒரு பாட்டில் அன்னாசி சாஸ் கொண்டுவருவாள். இனிப்பு முதலில் வந்து கன்னத்தைத் தடவும், புளிப்பு அதை விலக்கிவிட்டு முன்னால் வரும், எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைக்கும்போது மிளகாய் பின்னால் வந்து பொட்டென்று பிடரியில் ஒன்று வைக்கும். பொரித்த கோழியோ வெறும் ரொட்டியோ, அதைத் தொட்டுக்கொண்டால் தட்டு தானாகக் காலியாகும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டிலின் அடியைக் கரண்டியால் சுரண்டி நக்கிக்கொண்டே நம் ஆள் சொன்னார்: “இதுக்கு ஏன் இவ்ளோ அலட்டிக்கிறே? வீட்டிலேயே பண்ணிடலாமே.”

தங்கை கை கழுவிவிட்டு வந்தாள். “பண்ணுண்ணா. நீ பண்ணிக் காட்டுற வரைக்கும் என் கையால ஒரு பாட்டில் வராது.”

பாட்டில் வரவில்லை. பரவாயில்லை. தங்கையும் வரவில்லை. அதுதான் உறைத்தது. இந்த வாரம் வண்டியில் வேலை, அடுத்த வாரம் காலில் வலி, அதற்கடுத்த வாரம் காரணம் சொல்லக்கூடப் போன் வரவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் அவள் உட்காரும் நாற்காலியைப் பார்க்காமல் சாப்பிடப் பழகினார். தங்கையை நினைத்து ஏங்குகிறேன் என்று சொல்வாரா? செத்தாலும் சொல்லமாட்டார். கோழி காய்ந்திருக்கிறது என்றார்.

“ஒரு போன் போட்டு, உன் கைப்பக்குவம் யாருக்கும் வராதும்மான்னு சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?” என்று மனைவி கேட்டாள்.

போன் போட்டார். தொண்டையைச் செருமினார். “ஞாயித்துக்கிழமை வந்துடு. சாஸ் ரெடியா இருக்கு” என்றார்.

அந்த நிமிஷம் வீட்டில் அன்னாசிப்பழமே இல்லை.

சனிக்கிழமை காலையில் கடையை அடைத்துவிட்டு அடுப்பங்கரையைத் திறந்தார். அன்னாசியின் கண்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்ததில் மட்டும் தொழில் சுத்தம் தெரிந்தது. சிவப்பு மிளகாய், இஞ்சி, பூண்டு மூன்றையும் அரைத்து எண்ணெயில் போட்டதும் தெருவே தும்மியது. பழத்தைப் போட்டு, சர்க்கரையைக் கொட்டி, வினிகரைச் சாய்த்து, சோயா சாஸில் ஒரு கரண்டி ஊற்றிக் கொதிக்கவிட்டார். அப்புறம் மனைவியையும் வாலுவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார். வாய்ப் பரிசோதனை ஆரம்பமானது.

முதல் கரண்டி. ஒரு சிட்டிகை உப்பு. இரண்டாவது கரண்டி. முன்னதா, பின்னதா? கொஞ்சம் வினிகர். மூன்றாவது. முன்னதா, பின்னதா? இன்னொரு மிளகாய். நாலாவது கரண்டியை வாயில் வைத்ததும் மனைவி கண்ணை மூடினாள். “இதுதாங்க. அடுப்பை அணைங்க” என்றாள். வாலு ஒரு கிண்ணம் நிறைய எடுத்துக்கொண்டு போனாள். தின்னிப் பண்டாரம் தின்னப் போகிறது என்று யாரும் கண்டுகொள்ளவில்லை.

நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? அணைத்திருப்போம். நம் ஆளோ மேலே பார்த்தார்.

“ஏதோ ஒண்ணு குறையுது.”

குறைந்ததைப் போட்டார். போட்டது கூடியது. கூடியதை அடக்கச் சர்க்கரை, சர்க்கரையை அடக்க வினிகர், வினிகரை அடக்கத் தண்ணீர். சின்ன வாணலி கொள்ளாமல் பெரிய பாத்திரம், அதுவும் கொள்ளாமல் குளிக்க வெந்நீர் போடுகிற அண்டா. மனைவியின் நாக்குக்கு முன்னதும் தெரியவில்லை, பின்னதும் தெரியவில்லை; நடுவில் அவள் தண்ணீர் என்று நினைத்து வினிகரைக் குடித்துவிட்டு “இது நல்லாருக்கு” என்று சொன்னதையும் நம் ஆள் ஒரு வாக்காக எடுத்துக்கொண்டார். கடைசியில் சாஸ் நீர்க்க நின்றது. அள்ளி அள்ளிச் சோளமாவைக் கரைத்து ஊற்றினார். சூட்டில் அப்படித்தான் இருக்கும், ஆறினால் தானாக இறுகும் என்று மனைவி சொன்னாள். மாவுப் பாக்கெட்டின் முதுகிலும் அதுவே எழுதியிருந்தது. அவர் படிக்கவில்லை. ஊருக்கெல்லாம் எழுத்துத் தெரியவைக்கிற மனிதர்!

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். வண்டிச் சாவியை மேஜையில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தாள். தோளில் பெரிய பை. அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். கரண்டி நடுவில் கொடிக்கம்பம் மாதிரி நின்றது. அதைப் பிடித்துத் தூக்கினாள். அண்டாவும் சேர்ந்து எழுந்தது.

“அண்ணா, இதை ஊத்தணுமா, வெட்டணுமா?”

மனைவி சிரிப்பை அடக்கத் திரைச்சீலையை ஆராய்ந்தாள். கண்ணாடிக்கடைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கையின் விரலில் சாவி சுற்றுவது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. இப்போது அவள் படியிறங்கினால் அந்த நாற்காலி இனி வெறும் நாற்காலியாகவே இருந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து வாலு இரண்டு கரண்டிகளோடு வந்தாள்.

“அப்பா, கண்ணை மூடுங்க. வாயைத் திறங்க. முன்னதா, பின்னதா?”

முதல் கரண்டி அண்டாச் சரக்கு. பல்லில் ஒட்டியது. அதை விடுவித்து முடிப்பதற்குள் இரண்டாவது கரண்டி உள்ளே போனது. கன்னத்தைத் தடவியது. விலக்கியது. பிடரியில் ஒன்று வைத்தது. மனிதர் கண்ணைத் திறக்கவே இல்லை.

“பின்னது” என்றார். “பின்னது என் தங்கச்சி கொண்டு வந்தது. இதெல்லாம் வீட்டில பண்ற சாமானா? அவ கைக்குத்தான் வரும். நான் ஏதோ அன்னிக்கு வாய்க் கொழுப்புல சொல்லிட்டேன்.”

சாவி சுற்றுவது நின்றது.

“அப்பா” என்றாள் வாலு, “அது நேத்து நீங்க பண்ணதுதான். நாலாவது கரண்டி. ஃப்ரிட்ஜுல ஒளிச்சு வெச்சிருந்தேன்.”

வாலு நீட்டிய கிண்ணத்தைத் தங்கை வாங்கி விரலால் தொட்டு நக்கினாள். மறுபடியும் நக்கினாள். கிண்ணம் பாதியாகும்வரை தீர்ப்பு வரவில்லை. “உனக்குப் பண்ணத் தெரியுதுண்ணா” என்றாள். “நிறுத்தத்தான் தெரியல.”

சாவியை மேஜையில் வைத்தாள். பையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். பண்ணிக் காட்டினால்தான் வரும் என்ற பாட்டில், அவர் பண்ணிக் காட்டுவதற்கு முன்பே பைக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? சாப்பாடு பாதியில் கண்ணாடிக்கடைக்காரர் பாட்டில் சாஸை நக்கினார், மேலே பார்த்தார், வாயைத் திறந்தார். மேஜைக்கடியில் மூன்று பக்கமிருந்தும் அவர் காலில் மிதி விழுந்தது.

சரி, அவரை விடுங்கள். நீங்கள் இதைப் படித்துக்கொண்டே வந்தபோது, இஞ்சியைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம், கதையில் ஒரு கல் உப்பு கூட்டியிருக்கலாம், இதென்ன பிரமாதம், நானே எழுதியிருப்பேனே என்று எங்கேயாவது ஓரிடத்தில் மேலே பார்த்தீர்களா?

பார்த்தீர்கள்தானே. காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்.