மச்சாளின் பிஸ்டலுக்கு நான் தெரிந்தெடுத்த ரவை

எப்பாடு பட்டாவது எங்கள் வீட்டுப் பேஸ்மென்டைக் காப்பாற்றுவது என்று சென்ற மாசி மாதம் ஒரு முடிவெடுத்தேன். மொன்றியலில், அஹுன்ட்சிக் பக்கம் நாங்கள் இருக்கும் வீட்டில் எனக்கென்று உள்ள இடம் அது ஒன்றுதான். ஒரு சாய்கதிரை, ஒரு டிவி, ஒரு ஹீட்டர். அதற்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டால் பிறகு நான் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்தால் மத்தியானம் முழுக்க அங்கேதான் கிடப்பேன்.

ஆபத்து ஹூஸ்டனில் இருந்து வந்தது. என் மனைவி ஜொய்சியின் அக்கா, அதாவது என் மச்சாள், பிலோமினம்மா அங்கே இருக்கிறார். புருஷன் காலமானபிறகு, பெட்ரோல் நிலையத்தோடு ஒட்டிய சின்னக் கடையொன்றைத் தனியாக நடத்துகிறார். தை மாதம் ஒருவன் கத்தியோடு கடைக்குள் புகுந்துவிட்டான். நல்லகாலம், தெருவில் சைரன் கேட்டதும் ஓடிவிட்டான். அன்றிலிருந்து ஜொய்சிக்கு ஒரே பேச்சு: அக்காவை இங்கே கூப்பிடுவோம். கலியாணத்துக்கு முன் மொன்றியலில் இருந்தவர், கனடாப் பாஸ்போட் இருக்கிறது, விசாத் தொல்லையும் இல்லை. சரி, எங்கே படுப்பார் என்று கேட்டேன். ஜொய்சி தரையைப் பார்த்தாள். தரைக்குக் கீழேதான் பேஸ்மென்ட்.

இப்படி நான் கலங்கிப்போய் இருந்த வேளையில்தான் மச்சாள் ஒரு பிஸ்டல் வாங்கினார். கைப்பைக்குள் அடங்கும் சாமான், குழல் ஒரு விரல் நீளம். டெக்சஸில் அப்படி மறைத்து வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பயம் தெளிந்தால் மச்சாள் அங்கேயே இருந்துவிடுவார். அதற்கு என்ன ரவை போடுவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. தோட்டாவை நாங்கள் ரவை என்போம். ஜொய்சியே கைபேசியைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள்.

"நீங்கள்தான் விளங்கின ஆள். அக்காவுக்கு நல்லதா ஒண்டைத் தெரிஞ்சு சொல்லுங்கோ."

இருபத்தாறு வருட வாழ்க்கையில் அவள் என்னை விளங்கின ஆள் என்றது அதுதான் முதல் தடவை. எனக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது.

நான் லவாலில் ஒரு டயர்க் கடையில் வேலை செய்கிறேன். அமுக்கத்தைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஆனாலும் மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், சாய்கதிரையில் இருந்து படித்தேன். குழல் கட்டை, அதாவது நீளம் குறைவு என்றால் வெடிமருந்து எரிந்து முடிவதற்குள் குண்டு வெளியேறிவிடும், வேகம் குறைந்துவிடும். அதை ஈடுகட்டவென்று, வழக்கத்தைவிடக் கூடிய அமுக்கத்தில் அடைத்த ரவை விற்கிறார்கள். பெட்டியில் ஒரு பிளஸ் அடையாளம் இருக்கும். பிளஸ் என்றால் கூட. கூட என்றால் நல்லது. இதற்கு மேல் யோசிக்க எனக்கு ஒன்றும் தென்படவில்லை.

ஜொய்சி தையல் பக்டரி வேலை முடிந்து வந்தவள், கோட்டைக் கழற்றாமலே படியில் நின்று கேட்டாள்.

"அமுக்கம் கூடவெண்டா உதையும் கூடத்தானே?"

"துவக்கெண்டா உதைக்கத்தானே செய்யும்."

"பாரமில்லாத பிஸ்டல். இன்னும் உதைக்காதோ?"

"ஜொய்சி, உம்மடை தையல் விஷயத்திலை நான் எப்பவாவது வாய் திறந்தனானோ?"

"இல்லை. நீங்கள் ஒண்டும் கேட்டதில்லை," என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

நான் பொறுப்பில்லாதவன் அல்ல. பிஸ்டலோடு வந்த புத்தகத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அந்த ரவையை இந்தப் பிஸ்டல் தாங்கும் என்று தெளிவாக எழுதியிருந்தது. மச்சாளின் மணிக்கட்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

பங்குனியில் மச்சாள் சுட்டுப் பழகும் இடத்துக்குப் போனார். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, பிஸ்டலில் என் ரவை. ஒரே ஒரு வெடி. முகத்துக்கு முன்னால் பூசைக்கு மெழுகுதிரியெல்லாம் ஒன்றாய் ஏற்றியது போல நெருப்பு எழும்பியதாம். பிஸ்டல் கையை முறுக்கிக்கொண்டு மேலே போனதாம். குறி வைத்த கடதாசியில் ஒரு கீறல்கூட இல்லை. மச்சாள் பிஸ்டலை மேசையில் வைத்தார், சிலுவை போட்டார், அங்கேயே விற்றுவிட்டு வீட்டுக்கு வந்தார். அடுத்த கிழமை கடையையும் கைமாற்றினார். சித்திரை பிறக்கும்போது இரண்டு பெரிய பெட்டிகளோடு மொன்றியலில் வந்து இறங்கினார்.

பெட்டிகளை நான்தான் பேஸ்மென்டுக்குச் சுமந்தேன். மச்சாள் இடது கையால் வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, "தம்பி, உங்களுக்குத்தான் கரைச்சல்," என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பாவம், அறுபது வயது மனுசி. என் கதிரைக்காக நான் அவருடைய கையோடு விளையாடியிருக்கிறேன். மேலே வந்ததும் குசினியில் ஜொய்சியிடம் ஒப்புக்கொண்டேன்.

"நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

"ஓம். கட்டைக் குழலுக்கெண்டே செய்த ரவை இருக்கு. சாதாரண அமுக்கம்தான், உதையும் குறைவு. அதைப் போட்டிருந்தா அக்கா பயமில்லாமல் சுட்டிருப்பா."

"உமக்கெப்பிடித் தெரியும்?"

"பதினொரு வருஷமா நான் தைக்கிறது குண்டு துளைக்காத அங்கி. சுட்டுப் பாத்த துணியெல்லாம் என்ரை மேசைக்குத்தான் திரும்பி வரும். எந்த ரவை, என்ன நீளக் குழல் எண்டு அதிலை எழுதியிருக்கும்."

அவள் தைப்பது குளிருக்குப் போடும் ஜக்கெட் என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். ஜொய்சி அடுப்பைக் குறைத்தாள்.

"அந்த ஓட்டையளைப் பாத்துப் பாத்துத்தான் சொல்லுறன். அக்கா துவக்கோடை அந்தக் கடையிலை நிண்டா, ஒண்டில் அவ சாவா, இல்லாட்டி ஆரையாவது சாக்கொண்டுபோடுவா. எனக்கு அவ உயிரோடை இஞ்சை வேணும்."

எனக்குக் கண் கலங்கியது. ஆனாலும் ஒன்று விளங்கவில்லை. இவ்வளவு தெரிந்தவள் ஏன் அக்காவை என்னிடம் கேட்கச் சொன்னாள் என்று கேட்டேன்.

"அக்கா வேண்டாமெண்டுதான் சொன்னவ. நீங்கள் பிழையா ஏதும் சொல்லிப்போடுவியளெண்டு அவவுக்குப் பயம். நான்தான் உங்களிலை முழு நம்பிக்கை வைச்சிருந்தனான்."