பஸ்ஸில் தனியாகப் போன வாழை

எனக்குக் கோபம் வந்தால் வாய் ஓடும், கை ஓடும், மூளை மட்டும் அசையாது. இதை என் புருஷன் சொன்னால் சண்டைக்குப் போவேன். நானே சொல்வது வேறு. தங்கச்சி தாரணியின் கல்யாணத்தன்று காலையில் நான் செய்த கூத்தைச் சொல்ல முதல் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மண்டபம் பார்க்கிங்கில் (கார் விடுகிற இடமில்லை, லண்டனில் ஓர் ஊர்). வாசலுக்குப் பிளாஸ்டிக் வாழை கட்டித் தருவதாக அலங்காரக்காரர் சொன்னார். "கழுவித் துடைச்சு வைச்சிருக்கிறம் அக்கா, கன கல்யாணம் கண்ட வாழை" என்று பெருமை வேறு. பல கல்யாணம் கண்டதை என் தங்கச்சியின் வாசலில் கட்டுவதா? உண்மையான வாழை நான் கொண்டுவருவேன், மாப்பிள்ளை வருவதற்கு முன் அது வாசலில் நிற்கும், ஒருத்தரும் தலையிட வேண்டாம் என்று குடும்பம் முழுவதற்கும் அறிவித்தேன். (ஆர் கேட்டது? ஒருத்தரும் கேட்கேல்லை.)

இல்ஃபோர்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் ஆளுயர வாழை இரண்டு சொல்லிவைத்தேன். கடையின் வான் வண்டியிலேயே கொண்டுபோய் இறக்குவதாகப் பேச்சு. அன்று காலை வீட்டாரையெல்லாம் காரில் அனுப்பிவிட்டு, நானும் வானில் ஏறிப் போகலாமென்று பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாகக் கடைக்குப் போனேன். வான்காரர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"இருங்கோ அக்கா, பத்து நிமிஷத்திலை வெளிக்கிடுவம்."

"மாப்பிள்ளை வாற நேரத்திலை உமக்குத் தேத்தண்ணி கேக்குதோ?"

"விடியக்காலமை தொடக்கம் ஓடுறன். குடிக்காட்டி ஏலாது."

"அப்ப நீர் இருந்து குடியும். நான் கொண்டு போறன்."

வானைத் திறந்து இரண்டு வாழையையும் இழுத்து நடைபாதையில் போட்டேன். அவர் வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பத்து நிமிடம் பொறுத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. போன் பண்ணிக் கூப்பிட்ட டாக்ஸி வந்தது, என்னையும் வாழையையும் பார்த்தது, கண்ணாடியைக்கூட இறக்காமல் போய்விட்டது. பஸ் தரிப்பிடம் எதிரிலேயே இருந்தது. எனக்கு அது போதும்.

தள்ளுவண்டி ஏற்றுகிறாய், நாய் ஏற்றுகிறாய், வாழை ஏற்றக் கூடாதென்று எங்கே எழுதியிருக்கிறது என்று பஸ் சாரதியைக் கேட்டேன். கோபத்தில் எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். அந்த மனிதர் பாவம், ஒரு பெருமூச்சு விட்டு நடுக் கதவைத் திறந்தார். முதல் வாழையைத் தள்ளி ஏற்றி ஒரு மூலையில் சாத்திவிட்டு, இரண்டாவதை எடுக்க இறங்கினேன்.

தரிப்பிடத்தில் வேறு பஸ்ஸுக்கு நின்ற நம்மவர் ஒருவர் கேட்டார்: "என்ன அக்கா, பார்க்கிங்கிலை தோட்டம் செய்யப் போறியளோ?"

வேறு யாரும் என்றால் சிரித்துவிட்டு வாழையைத் தூக்கியிருப்பார்கள். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு திரும்பினேன்.

"விடுப்புப் பாக்க நிக்கிறீரோ? ஒரு பொம்பிளை தனியாத் தூக்கிறாள், வந்து ஒரு கை பிடிக்கத் தெரியாதோ? எந்த ஊர் நீர்?"

அவருடைய ஊரையும் தகப்பன் பெயரையும் விசாரித்து முடிக்கும் முன் பின்னால் கதவு மூடும் சத்தம் கேட்டது. நான் ஏறுகிற எண்ணத்தை விட்டுவிட்டேன் என்று சாரதி நினைத்திருக்க வேண்டும். பஸ் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு உள்ளே வாழை இலை ஆடியது, எனக்குக் கை காட்டுவதுபோல.

தம்பி சுதனுக்குப் போன் எடுத்தேன். அவன் மண்டபத்தில் நின்றான்.

"சுதன், பஸ்ஸிலை ஒரு வாழை வருது. ஸ்டேஷனடிக்கு ஓடிப்போய் இறக்கு."

"ஆரோடை வருது?"

"தனிய வருது."



"அக்கா, நான்தானே தோழன். மாப்பிள்ளை வெளிக்கிட்டாச்சாம்."

"வாழையைப் பிடிச்சுக்கொண்டு அதிலையே நில். நான் வாறதுக்கு முதல் அசைஞ்சியெண்டால் தெரியும்!"

எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் பெண்ணின் தம்பி தோழனாக நின்று அவர் காலைக் கழுவ வேண்டும். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். பிறகுதான் உள்ளே வரலாம். இது எனக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். அந்த நேரம் வாழை மட்டும்தான் தெரிந்தது.

அடுத்த பஸ்ஸில் மற்ற வாழையோடு ஏறினேன். அது பாதி வழியில் நின்றது. பஸ்களுக்கு இடையில் உள்ள இடைவெளியைச் சரிசெய்யக் கொஞ்ச நேரம் நிற்கிறதாம் என்று பதிவுசெய்த பெண் குரல் ஒன்று அமைதியாகச் சொன்னது. அதோடும் சண்டை பிடித்தேன். அது இரண்டாம் முறையும் அதே அமைதியோடு சொன்னது. என் வாழ்க்கையில் எனக்குப் பயப்படாத முதல் பெண் அவள்தான்.

பார்க்கிங் ஸ்டேஷனடியில் சுதன் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக வாழையைக் கட்டிப்பிடித்தபடி, அசையாமல் நின்றான். இரண்டு வெள்ளைக்காரர்கள் அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கலைத்துவிட்டு, ஆளுக்கொரு வாழையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினோம்.

மண்டப வாசலில் மாப்பிள்ளை பிரதீபன் நின்றார். சப்பாத்தைக் கழற்றிவிட்டார், கால் கழுவத்தான் ஆளில்லை. மார்ச் மாதக் குளிரில் ஒரு காலை மற்றக் காலில் தேய்த்தபடி, மோதிரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கழுவ ஒரு மச்சான் முன்வந்தானாம். மாப்பிள்ளையின் தாய் விடவில்லை. "கூடப்பிறந்தவன் இருக்க வேறை ஆள் கழுவுறதோ? எங்கை போயிட்டான் அவன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர் எங்களைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார். ஐயர் நல்ல நேரம் முடியப் போகுது என்று கத்தினார்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒரு நிமிஷம், முதலிலை வாழையைக் கட்டுவம்" என்றேன். (உண்மையாகச் சொன்னேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.)

மாப்பிள்ளை அன்றுதான் முதல் தடவையாக என்னோடு நேரே பேசினார். "அக்கா, கும்பிட்டுக் கேக்கிறன், முதலிலை காலைக் கழுவச் சொல்லுங்கோ. எனக்கு முழங்காலுக்குக் கீழை ஒண்டும் இல்லை."

சுதன் கழுவினான். மோதிரம் ஏறியது. நல்ல நேரத்துக்குள் எல்லோரும் உள்ளே போனார்கள். நான் வெளியில் தனியாக நின்று வாழை கட்டினேன். வாசலைக் கடக்க ஆள் யாரும் மிச்சமில்லை. என் பட்டுச்சேலை முழுவதும் வாழைக் கயர்க் கறை. இன்றுவரை போகவில்லை.

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் எனக்கு ஒரு வேலையும் தருவதில்லை. "அக்கா, நீங்க வந்து இருந்தாக் காணும்" என்கிறார்கள், ஏதோ மரியாதை செய்வதுபோல. போன மாதம் தாரணியின் மகளுக்குப் பிறந்தநாள். என்னைக் கூட்டிப்போகப் பிரதீபனே காரில் வந்தார். பின் இருக்கையில் இருத்தி, பெல்ட்டைத் தானே மாட்டிவிட்டு, "அக்கா, உங்களுக்குப் பின்னாலை முன்னாலை வேறை ஏதும் பஸ்ஸிலை வருதோ?" என்று கேட்டார்.

வந்த கோபத்தில் இறங்கி நடக்கலாமென்று கதவை இழுத்தேன். திறக்கவில்லை. சின்னப்பிள்ளைகளுக்குப் போடுகிற பூட்டை முதலே போட்டு வைத்திருந்தார்.