அறுபத்திரண்டு பிளம் மரங்களை நான் தானம் செய்த கதை

கிளீவ்லாந்து,
9 அக்டோபர் 1961

மதிப்புக்குரிய அண்ணன் யோசெஃப் அவர்களுக்கு, தம்பி ஒந்திரெய் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், என் வீட்டுக்காரி மார்கிதா, அவளுடைய முழங்கால்வலி மூவரும் நலம். பிட்ஸ்பர்கில் நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

நலம் விசாரித்தாயிற்று, இனி என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். ஸ்லோவாக்கியாவில் என் பங்குக்கு வந்த பிளம் தோட்டத்தை அந்தக் கம்யூனிஸ்ட் அரசாங்கம் பத்து வருஷத்துக்கு முன் பிடுங்கிக்கொண்டதல்லவா, அதற்காக, அப்படிப் பறிபோன சொத்துக்கு நஷ்டஈடு தரும் வாஷிங்டன் ஆணையத்தில் மனுப் போட்டேன். காசு கிடக்கட்டும் அண்ணா, பிடுங்கினார்கள் என்று ஒரு அரசாங்கத் தாளாவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. பத்திரம் எங்கே என்றார்கள். உலக யுத்தத்தில் பதிவேட்டோடு எரிந்துபோனது என்றேன். தொலைபேசியில் அந்த அதிகாரி பாகாய்ப் பேசுகிறான்:

"அப்ப உங்க ஊர் ஆபீஸ்லயே எழுதி வாங்கிடுங்களேன் ஐயா."

"திருடன்கிட்டயே போயி, நான்தான் திருடினேன்னு கையெழுத்து வாங்கணுமா?"

"விதிமுறை ஐயா."

விதிமுறையாம்! ஊருக்கு எழுதினேன். அங்கே எழுத்தர் யார்? நம் தங்கை சூசனாவின் புருஷன் ஷ்டெஃபான். அவன் வாஷிங்டனுக்கு நேராக அனுப்பிய பதிலின் நகல் வந்தது. "ஓடைக்குத் தெற்கே ஒந்திரெய் ஹுடாக்குக்குச் சொந்தமான அறுபத்திரண்டு மரத் தோட்டத்தை, 1951 மே மூன்றாம் தேதி அவரே நேரில் வந்து, மனமுவந்து மக்களுக்குத் தானமளித்தார்." நானா? மனமுவந்தா? தேவாலயத்தில் உண்டியல் வந்தால் மூக்குச் சிந்துகிற நானா?

மார்கிதா எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றினாள்: "வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குச் சட்டை அனுப்பினீங்களே, அதப் போட்டுக்கிட்டேதான் இதுல கையெழுத்துப் போட்டிருப்பான் உங்க மாப்பிள்ளை!" துரோகி. இனி அவனுக்குக் கைக்குட்டைகூடக் கிடையாது. அவன் பெயரை என் வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது.

அண்ணிக்கு வணக்கம். பிள்ளைகளுக்குக் கன்னிமரியாள் துணையிருக்கட்டும்.

தங்கள் தம்பி,
ஒந்திரெய்

பி.கு.: தபால்தலை வாங்க மறந்து கடிதம் எட்டு நாள் மேசையிலேயே கிடந்தது. இன்று ஆணையத்தின் பதில் வந்ததால் உறையைப் பிரித்து எழுதுகிறேன். மனு ஏற்கப்பட்டுவிட்டது! தோட்டம் என்னுடையது என்பதற்கு ஷ்டெஃபானின் கடிதமே சான்றாம். அந்த மே மூன்றாம் தேதி நான் இங்கே இரும்பாலை உலையடியில் வேலையில் இருந்ததற்கு ஆலைப் பதிவேடு இருக்கிறதாம். ஆகவே தானம் பொய், பறித்ததே மெய் என்று முத்திரை குத்தி எழுதியிருக்கிறார்கள்.

அண்ணா, முப்பத்தேழாம் வருஷம் என்னை ரயிலேற்றிவிட்டவனே ஷ்டெஃபான்தான். நான் திரும்பிப் போகவே இல்லை என்பது அவனுக்குத் தெரியாதா? அப்படியொரு தோட்டமே இல்லையென்று ஒரே வரியில் முடித்திருக்கலாமே, ஓடையையும் மரக்கணக்கையும் யார் கேட்டார்கள்? இதைப் புரிந்துகொள்ள எனக்கு எட்டு நாளாயிற்று. மார்கிதா அழுதுகொண்டே சட்டைத் துணி எடுக்கப் போயிருக்கிறாள்.

அவனுக்கு நன்றி சொல்லி மட்டும் எழுதிவிடாதீர்கள். அங்கே தபாலைப் பிரித்துப் படிக்கிறார்கள், அவன் தலை போய்விடும். நான் திட்டி எழுதிவிட்டேன். நீங்களும் உடனே ஒரு கடிதம் போட்டு அவனை நாறடியுங்கள். உங்களுக்கு என்னைவிடக் கெட்ட வார்த்தை அதிகம் தெரியும்.