மருந்துக் கோசு

அட்டுவம்பட்டி,
18-12-1963.

பழனியில் இருக்கும் அருமை அக்காள் சண்முகவள்ளிக்கு, தம்பி திருமலைச்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் எல்லோரும் முருகன் புண்ணியத்தில் நலம். அங்கு நீயும் மச்சானும் உன் மகள் தமயந்தியும் நலமா? சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை அக்கா, வயிற்றைப் பற்றித்தான் கேட்கிறேன்.

தமயந்தியின் பரிசப் பந்தியில் நடந்ததற்கெல்லாம் நான் ஒருவனே காரணம் என்கிறாயாம். தை மாதக் கல்யாணத்தில் தாய்மாமன் இடத்தில் சித்தப்பா மகன் பொன்னுச்சாமியை நிறுத்தப்போகிறாயாம். அவனுக்கு மாலையைப் பிடிக்கவே தெரியாதே! நடந்ததைக் கேள். பூச்சித் தொல்லை தாங்காமல் இந்த வருஷந்தான் முதன்முதலாக விவசாய ஆபீசர் சொன்ன மருந்தை முட்டைக்கோசுக்கு அடித்தேன். பரிசத்துக்கு அனுப்பிய மூட்டையில், "மருந்து அடித்தது, மேல் இலையை உரித்துப்போட்டு மூன்று தண்ணீரில் கழுவவும்" என்று சீட்டும் எழுதிக் கட்டினேன். லாரிக்கார யாகூப் பாய் மூட்டையைத் தார்ப்பாய்க்கு வெளியே போட்டுவிட்டார். மழையில் மை கரைந்து, "மருந்து" என்ற ஒரு சொல்தான் பழனி வந்து சேர்ந்தது. அதைப் படித்த மச்சான் சமையல்காரரைக் கூப்பிட்டு, "ஏலே கந்தவேலு, இது மருந்துக் கோசாம்டா, ஒடம்புக்கு நல்லது" என்றிருக்கிறார். அவரோ, "அப்பக் கழுவப்படாதுங்க, மருந்தெல்லாம் தண்ணியோட போயிரும்ங்க" என்று அப்படியே நறுக்கிவிட்டார். சம்பந்திக்கு வாயுத் தொல்லை என்று, "சாப்பிடுங்க சம்பந்தி, மருந்தாக்கும்" என்று மூன்று கரண்டி கூடுதலாக வைத்தது யார்? நீ! முதலில் அவர் வெரசாக எழுந்தார், பின்னாலேயே பந்தி முழுக்க எழுந்தது. மூன்று நாள் கஞ்சியில் எல்லோரும் தேறியது தெய்வச் செயல்.

சீட்டை நனையவிட்டது பாய், பாதி படித்தது மச்சான், கழுவாதது கந்தவேல், பரிமாறியது நீ. இத்தனை கை பட்ட கோசுக்கு என் தலையை மட்டும் உருட்டினால் எப்படி?

சின்ன வயதில் பேத்துப்பாறை ஓடையில் நாம் கோசு கழுவியது ஞாபகம் இருக்கிறதா? நீ ஒவ்வோர் இலையாகப் பிரித்து, புழுவை எடுத்து என் சட்டைக்குள் போடுவாய். நான் கத்தினால், "ஏலே, புழுவே தின்னுட்டு நல்லாத்தானே கெடக்கு, நமக்கென்ன?" என்பாய். அந்தக் கோசின் இனிப்பு இப்போது எதிலும் இல்லை. நீ பக்கத்தில் இல்லாததாலோ என்னவோ. தமயந்தியை முதன்முதலில் மடியில் வாங்கிய நாளிலிருந்து அவளுக்கு மாமன் மாலை போடக் காத்திருக்கிறேன் அக்கா. அதை மட்டும் பறித்துவிடாதே.

மச்சானுக்கு வணக்கம். தமயந்திக்கு ஆசிகள். சம்பந்தி வயிற்றுக்கு மலைமேல் இருப்பவன் துணை.

இப்படிக்கு,
ஒரு குற்றமும் அறியாத தம்பி,
திருமலைச்சாமி.

பி.கு.: பாயிடம் பத்துக் கோசு கொடுத்தனுப்பியிருக்கிறேன். பயப்படாமல் சமை. இது விற்பனைத் தோட்டத்தில் வெட்டியது இல்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கென்று மருந்தடிக்காமல் தனியாக வைத்திருக்கும் பாத்தியில் வெட்டியது. பரிசத்துக்கும் இதையே அனுப்பியிருக்கலாம். பூச்சி அரித்து ஓட்டை விழுந்த கோசை உன் சம்பந்தி முன்னால் வைக்க எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.